பூச்சி பழகவில்லை, நாம்தான் பொறுக்கி வளர்க்கிறோம்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய கிராமங்களிலும் பொன்னேரி வட்டாரத்திலும் நெல் பயிரிடும் விவசாயிகள், "போன வருஷம் கேட்ட மருந்து இந்த வருஷம் கேட்கவில்லை, பூச்சி பழகிவிட்டது" என்கிறார்கள். மருந்து கேட்கவில்லை என்பது சரி. பூச்சி பழகிவிட்டது என்பது சரியல்ல.

இங்கிலாந்து நாட்டில் கரும்புள்ளிகள் கொண்ட வெளிர் நிற அந்துப்பூச்சி ஒன்று உண்டு. வெளிர் நிற மரப்பட்டையில் உட்கார்ந்தால் பறவையின் கண்ணுக்குத் தெரியாது. ஆலைகள் பெருகி, நிலக்கரிப் புகை படிந்து மரங்கள் கறுத்தன. வெளிர் பூச்சிகள் பறவைகளுக்கு இரையாயின. அரிதாகப் பிறந்த கறுப்புப் பூச்சிகள் தப்பி, இனம் பெருக்கின. 1848-ல் மான்செஸ்டர் நகரில் அபூர்வமாகக் காணப்பட்ட கறுப்பு ரகம், 1895-ல் அங்கே நூற்றுக்கு 98 ஆயிற்று. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்தபின் வெளிர் ரகம் மீண்டும் பெருகியது. எந்தப் பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக் கொள்ளவில்லை. சூழ்நிலைக்கு ஏற்றது மிஞ்சியது, அவ்வளவே. இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர்.

நாம் விதைக்கு நல்ல கதிரைப் பொறுக்குவது போல, விசைத்தெளிப்பான் மருந்தைத் தாங்கும் பூச்சியைப் பொறுக்குகிறது. ஆயிரத்தில் ஒன்று தப்பினாலும் அதன் சந்ததிதான் அடுத்த தடவை வயலை நிரப்பும். புகையானுக்குச் சிறந்ததெனப் பெயர் பெற்ற இமிடாகுளோபிரிட் மருந்து, 2005-க்குள் ஆசிய நாடுகள் பலவற்றில் வலுவிழந்தது. 1973-ல் வெளியான ஐ.ஆர். 26 நெல் ரகத்தின் எதிர்ப்புச் சக்தியைக்கூடப் புகையான் சில ஆண்டுகளில் வென்றுவிட்டது.

மருந்து கேட்காதபோது அளவைக் கூட்டுவது, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். சிலந்திகள் மடிந்து புகையான் பெருகும். வயல் நீரோடு மருந்து ஆரணியாற்றின் வழியே ஏரிக்குப் போகும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் இறாலுக்குக் கொடிய நஞ்சு. வயலில் பூச்சி தப்பும்; ஏரியில் மீனவர் பிழைப்பு கெடும்.

என்ன செய்யலாம்? நடவின்போது 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுங்கள். தழைச்சத்தை அளவோடு, பிரித்து இடுங்கள். தூருக்கடியைப் பாருங்கள், தூருக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், சிம்புக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் நீரை வடித்து, 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். இரசாயன மருந்து தவிர்க்க முடியாவிட்டால், பெயரை மட்டுமல்ல, மருந்தின் வகையையே மாற்றுங்கள். புகையானுக்குப் பைரித்ராய்டு வேண்டவே வேண்டாம்.

இதை ஒருவர் மட்டும் செய்து பலனில்லை. புகையானுக்கு வரப்பு தெரியாது. பறந்து அடுத்த வயலுக்குப் போகும். எனவே, மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதைக் கடைக்காரர் சொல்லக் கூடாது. வயலைப் பார்த்து ஊரார் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.