மண்ணின் குடிகள்

"மண் எங்கும் மண்தானே, ஸார்?" என்று நம் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற வாரம் கேட்டான். கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று.

மண் வெறும் மணலும் களியும் அன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இழைகளாக எண்ணிறந்த காளான் இனங்கள் அதில் பரவி வாழ்கின்றன. மழைக்குப் பின் குடை விரித்து நிற்பது அவற்றுள் சிலவற்றின் கனியே. உடம்பு நிலத்துள் மறைந்து கிடக்கிறது. உதிர்ந்த இலையை மட்கச் செய்து உரமாக்குபவை சில. செடியின் வேரோடு கூடி, அதற்கு நீரும் பாஸ்பரஸும் தேடிக் கொடுத்து, கைம்மாறாகச் சர்க்கரை பெறுபவை சில. இந்த உறவுக்கு 1885-ல் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டவர் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

இக்குடிகள் எங்கும் ஒரே விதமாக இருப்பதில்லை. உலகில் 365 இடங்களின் மண்ணைச் சோதித்த ஆராய்ச்சியொன்று 2014-ல் வெளியாயிற்று. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் காளான் இனங்கள் பொதுவாகப் பெருகுகின்றன. ஆனால் பைன், ஓக் முதலிய மரங்களின் வேரை உறைபோல் போர்த்து வாழும் இனங்களோ குளிர்ந்த வடதிசைக் காடுகளிலேயே மிகுதி. மழையும் தட்பவெப்பமும் இதற்கு முதற்காரணம். மண்ணின் தன்மையும் ஒரு காரணம்.

இதை அறிவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பியூர்ட்டோ ரிக்கோ தீவின் வரலாறே பதில். அங்கே பைன் மரம் இயற்கையில் கிடையாது. பிற நாட்டு விதையைக் கொணர்ந்து வளர்த்த நாற்றுகள் வெளிறி மடிந்தன. 1955-ல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் மரத்தடி மண்ணைக் கொணர்ந்து இட்டார்கள். நாற்றுகள் தழைத்து நிமிர்ந்தன! மரத்தை அழைத்து வந்தவர்கள் அதன் தோழனை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

நம் நெல்லுக்கும் சோளத்துக்கும் வேர்த்தோழர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் வாழ்வது மேல்மண்ணில். அம்மண்ணை அள்ளிச் செங்கற்சூளைக்கு விற்போர், பிறகு உரமூட்டையைக் கொட்டி ஈடுசெய்துவிடலாம் என்று நம்புகிறார்கள். உரத்தைக் கடையில் வாங்கலாம். பல்லாண்டுகளாகக் கூடிய குடிகளை எந்தக் கடையில் வாங்குவது? நிலமுடைய நேயர்கள் விலை பேசுமுன் இதைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.