வாடகை நமக்கு, பொறுப்பு யாருக்கு?

வீடு, நிலம் முதலிய சொத்துகளைச் சிறு பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் பிளாக்செயின் பதிவேட்டில் டோக்கனாக விற்கும் வணிகம் பெருகி வருகிறது. துபை நிலத்துறை 2025ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் 2,000 திர்ஹம் செலுத்தியே ஒரு வீட்டில் பங்கு பெறலாம். "வட்டி இல்லை, கட்டடம் கண்முன் நிற்கிறது, எனவே ஹலால்" எனச் சகோதரர்கள் சிலர் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். இந்த அவசரத் தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று.

கட்டடம் இருப்பதனாலேயே அதன் வருவாய் தூய்மையாகிவிடாது. ஒரு பொருளின் பழுதையும் இழப்பையும் சுமப்பவருக்கே அதன் வருவாய் உரியது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்தளித்த நெறி. வட்டியையும் வாடகையையும் பிரிக்கும் கோடும் இதுவே. கடன் கொடுத்தவன் எந்த இழப்பையும் ஏற்பதில்லை. கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் செப்பனிட்டாக வேண்டும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ரியல்டி என்னும் நிறுவனம் நூற்றுக்கணக்கான வீடுகளை டோக்கன்களாக விற்றது. வாங்கியோருக்குக் கிடைத்தது வீட்டுப் பத்திரமன்று. அவ்வீட்டை உடைமையாகக் கொண்ட சிறு நிறுவனமொன்றின் பங்கு. எங்கோ தொலைநாடுகளில் இருந்தோருக்கும் வாடகை போய்ச் சேர்ந்தது. 2025 ஜூலையில் அந்நகர நிர்வாகம் 400க்கும் மேற்பட்ட வீடுகள் குறித்து வழக்குத் தொடுத்தது. அவை பராமரிப்பின்றிச் சீரழிந்து கிடக்கின்றன என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு எதுவாயினும், அவ்வீடுகளில் குடியிருப்போர் ஆயிரம் டோக்கன்காரர்களில் யாரிடம் முறையிடுவர்?

"பிளாக்செயினில் எதையும் மறைக்க இயலாதே" என்பர். யார், எப்போது, எவ்வளவு வாங்கினார் என்பதை அது பிழையின்றிச் சொல்லும். கூரை ஒழுகுவதைச் சொல்லாது. துபையில் டோக்கன் அரசின் நிலப்பதிவோடு இணைக்கப்பட்டிருப்பது நல்லதே. உடைமை யாருடையது என்பதற்கு அது விடையளிக்கிறது. பொறுப்பு யாருடையது என்ற வினா எஞ்சியே நிற்கிறது.

பலர் கூடி ஒரு சொத்தை வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. முஷாரகா என்னும் கூட்டு வணிகம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுவதே. ஆனால் கூட்டாளி என்பவன் இலாபத்திற்கு மட்டும் கூட்டாளி அல்லன்.

ஆகவே, பணம் செலுத்துமுன் கேளுங்கள்: பத்திரம் யார் பெயரில் உள்ளது? பழுதுபார்க்கும் செலவு யாரைச் சேரும்? குடியிருப்போரின் முறையீட்டுக்கு யார் விடை சொல்வர்? தெளிவான பதில் கிடைக்காவிடில் விலகி நிற்பதே பேணுதல். நாம் வாங்கும் வாடகைக்கு மறுமையில் கணக்குக் கேட்கப்படும்போது, "செயலி அனுப்பியது, பெற்றுக்கொண்டேன்" என்பது விடையாகாது.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி அருள்வானாக.