காய்ச்சல் அடித்தால் தெர்மாமீட்டரை மாற்றுவீர்களா?

மக்களே, இந்த வாரம் அசைன்மென்ட் புலம்பல் கிடையாது. கார் புலம்பல்.

பார்க்டேலில் ஜேம்சன் அவென்யூ பக்கம் நாலு பேர் ஒரே வீட்டில் இருக்கோம். கிங் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தா ஸ்ட்ரீட்கார், குயின் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தா திபெத்திய மோமோ. கார் தேவையே இல்லைதான். ஆனா ரூம்மேட் ஒருத்தனுக்கு மிசிசாகாவில் ராத்திரி ஷிஃப்ட். நாலு பேரும் காசு போட்டு ஒரு பழைய வண்டி வாங்கினோம். ஜனவரிக் குளிரில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிஞ்சுது.

மெக்கானிக் கருவியைச் செருகினார். பி0171 என்று வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போச்சு தம்பி" என்றார். 300 டாலர். நாலாம் நாள் விளக்கு திரும்ப எரிஞ்சுது.

இங்கதான் என் கட்சி. கோட் என்பது புகார் மனு, தீர்ப்பு இல்லை. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதை ஒழுங்காச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். உண்மையைச் சொன்னவனையே வேலையை விட்டுத் தூக்கிட்டோம்!

அப்புறம் 30 டாலருக்கு ஒரு புளூடூத் ரீடர் வாங்கினேன். கனடாவில் 1998 மாடல் முதல் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் ஓபிடி சாக்கெட் உண்டு. அதில் செருகி ஃப்யூவல் ட்ரிம் பார்த்தேன். கம்ப்யூட்டர் வழக்கத்தை விட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுது, குறைக்குது என்கிற கணக்கு அது. ஐடிலில் கூட்டல் 22. 2500 ஆர்பிஎம்மில் கூட்டல் 6. ஐடிலில் அதிகம், வேகத்தில் குறைவு என்றால் பெரும்பாலும் எங்கேயோ காற்று கசியுது. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு என்றால் பெரும்பாலும் தலைகீழ்: மிதிக்க மிதிக்க ஏறும். தேடினா, இன்டேக் பின்னாடி ஒரு ரப்பர் ஹோஸ் குளிரில் வெடிச்சுக் கிடந்தது. 15 டாலர். விளக்கு அணைஞ்சுது.

சென்சார் கெட்டே போகாதா? போகும். பி0135 வந்தால் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. அங்கேயும் முதலில் ஃப்யூஸைப் பாருங்க, அப்புறம் ஒயரை, கடைசியில் சென்சாரை. கூலன்ட் சென்சாருக்கு இன்னும் சுலபம். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், ஸ்டார்ட் பண்ணும் முன் கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்னா இருக்கணும். வெளியே மைனஸ் 10, கூலன்ட் மட்டும் 40 காட்டினா பொய்.

மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? "சும்மா செருகிப் பார்க்க எதுக்குண்ணே காசு?" என்று பேரம் பேசினது நாங்கதான். ஒரு மணி நேரம் சோதிச்சா காசு வராது, பார்ட் மாத்தினா வரும் என்றால் யார்தான் சோதிப்பாங்க? அதனால சொல்றேன்: சோதனைக்கு மனசாரக் காசு கொடுங்க. கூடவே கேளுங்க, "இந்த சென்சார்தான்னு எப்படித் தெரியும்?" பதில் கோட் நம்பர் மட்டும்தான் என்றால் சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.

ஒண்டாரியோ சட்டமும் நம்ம பக்கம்தான். எழுத்தில் மதிப்பீடு வாங்கினால், பில் அதை விட 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. புதுப் பார்ட்டுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு. கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கலாம். எங்களுடையது இப்ப புத்தக அலமாரியில் இருக்கு, நாலு பேரோட ஒரு மாச மளிகைக் காசுக்கு ஞாபகச் சின்னமா :-(

டிஸ்கி: விளக்கு விட்டு விட்டு மின்னினா இந்த ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். மிஸ்ஃபயர் அது. எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே காலி பண்ணிடும். ஓரமா நிறுத்திட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்க.