வேப்பம் பருப்பும் நிறமாலைச் சோதனையும்

வேம்பின் கசப்பு பூச்சிகளுக்கு ஆகாது என்பது நம் நாட்டில் யாவரும் அறிந்த விஷயம். தானியக் குதிரில் வேப்பிலையை இட்டு வைக்கும் வழக்கம் எக்காலத்தில் தோன்றியதென்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும், வேம்பு நல்லது என்று அறிவது வேறு. வேம்பிலுள்ள எந்த வஸ்து, எந்த அளவில், எத்தனை காலம் வரை பலன் தரும் என்று அறிவது வேறு. முன்னது அனுபவத்தால் கிட்டியது. பின்னது, ஒளியைக் கொண்டு பொருள்களை ஆராயும் நிறமாலைச் சாஸ்திரத்தின் உதவியால் கிட்டியது. இவ்விரண்டையும் சேர்த்துக் கொள்ளாதவரையில், வேம்பின் பெயரால் நாம் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி வீணாகும் என்பதே என் கருத்து.

1959-ஆம் வருஷத்தில் ஸூடான் தேசத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, மற்ற மரங்களெல்லாம் மொட்டையாகியும் வேம்பு மட்டும் பசுமையாக நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கவனித்தார். 1962-ல் டில்லியில் பிரதான் என்பவரும் அவருடைய சகாக்களும், வேப்பம் பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தின்பதில்லை என்று காட்டினர். 1968-ல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் அதற்குக் காரணமான வஸ்துவை வேப்பம் விதையிலிருந்து தனியே பிரித்தெடுத்தனர். அதற்கு அஸாடிராக்டின் என்று பெயர்.

பிரித்தெடுத்தாயிற்று, அதன் அமைப்பு யாது? கண்ணுக்குத் தென்படாத அணுக்கூட்டத்தை எவ்வாறு காண்பது? இங்கேதான் நிறமாலை ஆராய்ச்சி உதவுகிறது. முக்கோணக் கண்ணாடியில் சூரிய ஒளி ஏழு நிறங்களாகப் பிரிவதை நாம் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு இரசாயனப் பொருளும் ஒளியில் தனக்குரிய சில பாகங்களை மட்டும் விழுங்கி, மற்றவற்றை விட்டுவிடும். எந்தப் பாகம் குறைந்தது என்று பார்த்தால், கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல் பொருளை அறியலாம். சிவப்புக்கு அப்பாற்பட்ட கிரணங்கள் அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைத் தெரிவிக்கும். பலத்த காந்தத்தின் நடுவே பொருளை வைத்து ரேடியோ அலைகளைச் செலுத்தினால், ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் தன் அண்டை அயலில் யார் இருக்கிறார் என்று சொல்லிவிடும்.

அஸாடிராக்டினில் 35 கரி அணுக்களும், 44 ஹைட்ரஜன் அணுக்களும், 16 பிராணவாயு அணுக்களும் உள்ளன. இத்தகைய சிக்கலான பொருளின் உருவம் எளிதில் பிடிபடவில்லை. 1975-ல் அமெரிக்காவில் நகானிஷி குழுவினர் காந்த முறையால் ஓர் உருவத்தைக் கூறினர். அது பின்னர் திருத்தப்பட்டு, 1985-க்குப் பின் ஜெர்மனியில் கிராஸ், இங்கிலாந்தில் லே ஆகியோரின் உழைப்பால் உறுதியாயிற்று. லே குழுவினர் அப்பொருளை ஆய்வுக் கூடத்தில் முழுதும் செய்து முடித்தது 2007-ல்தான். அதற்கு 22 வருஷங்கள் சென்றன. நம் வீட்டு வாசல் மரமோ அதை ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் கூலி கேளாமல் செய்து உதிர்க்கிறது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று மிராசுதார்கள் வினவலாம். பயன் இரண்டு. முதலாவது, இப்பொருளின் பலவீனம் தெரிந்துவிட்டது. வெயிலிலுள்ள ஊதாவுக்கு அப்பாற்பட்ட கிரணங்கள் இதைச் சிதைக்கும். ஆகவே களத்தில் கொட்டிக் கடும் வெயிலில் காயவைத்த விதை கசக்கும். ஆனால் வேலை செய்யாது. நாவின் கசப்பு இதற்கு அளவுகோல் ஆகாது. பழத்தின் சதையை நீக்கி, கழுவி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துதல் வேண்டும். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பத்து மாதத்திற்கு மேற்பட்ட பருப்பை விலக்குக. 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் தெளிப்பது முறை.

இரண்டாவது, அளக்க வழி பிறந்தது. ஆய்வுக் கூடத்தில் மருந்தை ஒரு குழாயினூடே செலுத்தி அதன் பாகங்களைப் பிரித்து, அஸாடிராக்டின் வெளிவரும் தருணத்தில் அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவுதான் புட்டியின் மேல் அச்சிடப்படுகிறது. பத்து லட்சத்தில் 300 பங்கு உள்ள சரக்கும், 10,000 பங்கு உள்ள சரக்கும் கடையில் ஒரே வேப்பிலைப் படத்துடன் நிற்கின்றன. படத்தைப் பார்த்து வாங்குகிறவர் மிகப் பலர். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் மிகச் சிலர். எண்ணே இல்லாத புட்டியைப் பூச்சி மருந்தென்று விற்பவரிடம் வாங்காதிருப்பது நலம். 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. சந்தேகமுள்ள சரக்கைப் பற்றி அவருக்குத் தெரிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமையெனக் கருதுகிறேன்.

எங்கள் பாட்டனார் எந்தக் கருவியைக் கண்டார் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் பாட்டனார் தம் மரத்து விதையைத் தாமே பொறுக்கி, தாமே இடித்து, அவ்வருஷமே பயன்படுத்தினார். நாமோ முன்பின் அறியாதவர் உலர்த்திய விதையிலிருந்து, காணாத ஊரில் செய்த மருந்தை வாங்குகிறோம். கண் பார்வை எட்டாத இடத்தில் கருவியின் சாட்சி தேவைப்படுகிறது.

எனினும் கருவி சொல்வது புட்டியிலுள்ள அளவை மாத்திரமே. வயலில் பூச்சி குறைந்ததா என்று அது சொல்லாது. வேம்பு உடனே கொல்லும் விஷமன்று. பூச்சி தின்பதை நிறுத்தும். புழு தோலுரிக்க மாட்டாமல் மடியும். இதற்குச் சில நாட்கள் ஆகும். ஆதலால் மறுநாளே பலனில்லையென்று கைவிடாமல், ஓரிரு பாத்திகளைத் தெளிக்காமல் விட்டு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

இறுதியாக ஒரு யோசனை. விதை வியாபாரிகள் எடையைக் கொண்டே விலை கொடுப்பதால், நிழலில் உலர்த்தியவருக்கும் வெயிலில் கருக்கியவருக்கும் ஒரே கூலி கிடைக்கிறது. அக்கறை காட்டுகிறவருக்கு லாபமில்லையெனில் அக்கறை நிலைக்காது. கூட்டுறவுச் சங்கங்கள் விதையைச் சோதித்து, அஸாடிராக்டின் அளவுக்குத் தக்கபடி விலை வைக்க முன்வர வேண்டும். புறம்போக்கிலுள்ள வேம்புகளை ஏலம் விடும் ஊராட்சிகள், நிழலில் உலர்த்த ஒரு கொட்டகையும் அமைத்துக் கொடுத்தால், விதை பொறுக்கும் ஏழைப் பெண்களுக்குக் கூடுதல் ஊதியமும், குடியானவர்களுக்கு நம்பத்தக்க மருந்தும் ஒருங்கே கிடைக்கும்.