பிளேடு எந்த நாடு என்று கேட்டால் போதுமா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, என் மகனுக்கு முடி வெட்டுவதற்காக பிரிக்பீல்ட்ஸ் சென்றிருந்தேன். ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சிறிய முடிதிருத்தும் நிலையம். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் பள்ளியின் படிவம் 5 மாணவன். தாடியைச் சரிசெய்ய வந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தான்.

முடிதிருத்துநர் புதிய பிளேடு ஒன்றை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் பொருத்தினார்.

"அண்ணே, இது எந்த நாட்டு பிளேடு? லோக்கல் வேண்டாம்ணே, முகத்துல பரு வந்துடும்" என்றான் பையன்.

அவர் சிரித்தார். "தம்பி, லோக்கல் பிளேடுனு ஒண்ணை இந்தக் கடையில நான் பார்த்ததே இல்ல. இது இந்தியா. அந்தப் பெட்டி ஜப்பான். மேல இருக்குறது ரஷ்யா."

பையன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "டீச்சர், ஒரு பிளேடுகூடவா நம்ம நாட்டுல செய்ய முடியாது?"

நான் அப்போது ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உறுத்தியது. 'லோக்கல் மட்டம், வெளிநாடு உசத்தி' என்பது ஒரு பக்கம். 'உள்நாட்டுப் பொருளைத்தான் வாங்க வேண்டும்' என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே உறையில் அச்சிட்ட நாட்டின் பெயரோடு நின்றுவிடுகின்றன. அறிவியல் படிக்கும் நாம் அங்கே நிற்கக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு தாளின் தடிமனில்

சவர பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு தாள் அளவுதான். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர் தீட்ட முடியாது என்றுதான் ஒரு காலத்தில் வல்லுநர்களே சொன்னார்கள். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் நிறுவனம் தொடங்கினார். அவருக்கு அந்தச் சிக்கலைத் தீர்த்துக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் அவர்கள் விற்றது 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளும்தான். காப்புரிமை கிடைத்தது 1904-இல்.

படிவம் 4 வேதியியலில் உலோகக் கலவை படிக்கிறீர்கள் அல்லவா? தூய உலோகத்தில் ஒரே அளவுள்ள அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால் அவை எளிதில் வழுக்கும். வேறு அளவுள்ள அணுக்கள் புகுந்தால் வழுக்குவது தடைபடும். பிளேடில் நடப்பது அதன் அடுத்த கட்டம். இன்றைய பிளேடு எஃகில் சுமார் 13 விழுக்காடு குரோமியமும் 0.7 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான கார்பனும் இருக்கும். அதை 1000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கார்பன் இரும்புக்குள் கரைகிறது. உடனே குளிரச் செய்தால் கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. இரும்பின் படிக அமைப்பு இழுபட்டு நிற்கிறது. அந்த இழுபட்ட நிலைதான் கடினத்தன்மை. அது முழுமையாக வேண்டும் என்பதற்காக எஃகைச் சுழியத்துக்குக் கீழே 70 பாகைக்கும் குளிர்விப்பார்கள். பிறகு, நொறுங்காமல் இருப்பதற்காக மீண்டும் மிதமாகச் சூடாக்குவார்கள்.

கார்பன் கூடினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. கூடினால் குரோமியத்தோடு சேர்ந்து பெரிய பெரிய கட்டிகளாக மாறும். கூர் தீட்டும்போது அவை பெயர்ந்து, விளிம்பில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் முகத்தைக் கீறும். கடைசியாக, விளிம்பில் மிக மெல்லிய பூச்சு ஒன்று போடப்படுகிறது. உங்கள் வீட்டில் தோசை ஒட்டாத தவாவில் இருக்கும் அதே டெஃப்லான் வகைப் பொருள்தான் அது.

இவ்வளவு செய்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது? எஃகு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் இதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முடி வளைந்து கொடுக்கும் கோணமும், எஃகின் உள்ளமைப்பு இடத்துக்கு இடம் சற்று மாறுபட்டிருப்பதும் சேரும்போது விளிம்பில் சிறு துணுக்குகள் உடைகின்றன என்று கண்டார்கள்.

ஆக, நல்ல பிளேடு என்பது கலவை, வெப்பம், நேரம், தீட்டும் கோணம், பூச்சு ஆகிய ஐந்தும் சரியாக அமைவது. இவற்றில் எதற்கும் கடவுச்சீட்டு கிடையாது.

உறை சொல்லாத ஊர்கள்

இன்னொன்றும் உண்டு. பிளேடுக்கான மெல்லிய எஃகுச் சுருளைத் தரமாகத் தயாரிக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. சுவீடனின் சாண்ட்விகென், முங்க்ஃபோர்ஸ், ஜப்பானின் யாசுகி போன்ற ஊர்கள் அவை. பல நாட்டு பிளேடு ஆலைகள் அங்கிருந்துதான் சுருளை வாங்குகின்றன. எனவே இரண்டு வெவ்வேறு நாடுகளின் பெயரைத் தாங்கிய பிளேடுகள் ஒரே ஊர் எஃகிலிருந்து வந்திருக்கலாம்.

'இந்த நாட்டில் தயாரிக்கப்பட்டது' என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆசியான் நாடுகளுக்கு இடையிலான வணிகத்தில், ஒரு பொருளின் மதிப்பில் 40 விழுக்காடு இந்த வட்டாரத்தில் உருவானாலே அதை ஆசியான் பொருளாகக் கொள்ளும் பொது விதி இருக்கிறது. மீதி 60 எங்கிருந்தும் வந்திருக்கலாம். அதை உறை சொல்லாது.

ஒரு குவளைத் தண்ணீர்

அப்படியானால் எங்கே தயாரித்தாலும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. இந்தியாவைப் பாருங்கள். அங்கே ஜில்லெட் 1984-இல் உள்ளூர்ப் பங்காளிகளோடு சேர்ந்துதான் வந்தது. ராஜஸ்தானின் பீவாடியில் ஆலை எழுந்தது. அதற்கு முன்பே கொல்கத்தாவின் மல்ஹோத்ரா குழுமம் டோபாஸ் போன்ற பெயர்களில் பிளேடு விற்றுக்கொண்டிருந்தது. இன்று நம் முடிதிருத்தும் நிலையங்களில் இந்திய பிளேடு சாதாரணமாகக் கிடைப்பதற்குப் பின்னால் இந்த நீண்ட பழக்கம் இருக்கிறது.

2002-இல் ஜில்லெட், இந்தியச் சந்தைக்கென ஒரு சவரக் கருவியைக் கொண்டுவந்தது. சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவிலோ அது எடுபடவில்லை. காரணம், அமெரிக்காவில் அந்த மாணவர்கள் குழாய்த் தண்ணீரில் கருவியைக் கழுவினார்கள். இந்தியாவில் கோடிக்கணக்கானோர் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்கிறார்கள். ஓடும் நீர் இல்லாததால் பிளேடுகளுக்கு இடையே முடி அடைத்துக்கொண்டது.

அதன் பிறகு ஆய்வாளர்கள் இந்திய வீடுகளுக்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள். 2010-இல் வந்த ஜில்லெட் கார்டு ஒரே பிளேடு கொண்டது, எளிதில் அலசக்கூடியது, வெறும் 4 பாகங்கள். விலை 15 ரூபாய். இந்தியாவிலேயே தயாரித்தார்கள். அந்த 2002-ஆம் ஆண்டுக் கருவியின் எஃகில் குறை இல்லை. சோதனையில் குறை இருந்தது. ஒரு முக்கியமான மாறியை, அதாவது தண்ணீரை, யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உள்நாட்டுத் தயாரிப்பின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயன்படுத்துகிறவரின் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் குவளை கண்ணில் படும்.

என் அப்பாவின் தொழிற்சாலை

என் அப்பா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் 20 ஆண்டுகள் வேலை செய்தார். பெட்டிகளின் மீது 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். ஒருநாள் அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். இயந்திரம் நின்றுவிட்டது, வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால்தான் ஓடும் என்றார். மூன்று நாள் அங்கே யாருக்கும் வேலை இல்லை. பெட்டி நம்முடையது, கைகள் நம்முடையவை, இயந்திரத்தின் ரகசியம் மட்டும் நம்மிடம் இல்லை. அன்று எனக்கு வயது 12. நான் அறிவியல் பிரிவில் சேர்ந்ததற்கு அந்த மூன்று நாளும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான கதையும் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தொடங்கப்பட்டது. அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நிறத்தையும் குமிழியையும் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். 1965-இல் நம் நாடு எஸ்.எம்.ஆர். என்னும் தர முறையைக் கொண்டுவந்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து, அந்த எண்களைக் கொண்டு ரப்பரை விற்றார்கள். எஸ்.எம்.ஆர். 20 என்பதில் உள்ள 20, அழுக்கு 0.20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பிலிருந்து வந்தது. பிறகு இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இதே வழியில் தங்கள் தர முறைகளை அமைத்துக்கொண்டன.

யோசித்துப் பாருங்கள். 'பார்க்க நன்றாக இருந்தால் போதாது, அளந்து காட்டு' என்று ரப்பர் உலகத்துக்குச் சொன்னது நம் நாடு. நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் சீவிய மரத்தின் பால் அது.

இன்று கிள்ளானைச் சுற்றியுள்ள கையுறைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ரப்பர் பாலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆனாலும் 1991-இல் கிள்ளானில் ஒரே ஆலையோடு தொடங்கிய டாப் குளோவ் உலகின் மிகப் பெரிய கையுறை நிறுவனங்களில் ஒன்றாகியிருக்கிறது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது உலகமே கையுறைக்கு நம்மைத் தேடி வந்தது. மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தாலும் அதை என்ன செய்வது என்ற அறிவு இங்கே இருந்தது. என் அப்பாவின் தொழிற்சாலையில் இல்லாமல் போனது அதுதான்.

அந்த மாணவனுக்கு என் பதில்

தம்பி, மலேசியா கட்டாயம் பிளேடு ஆலை கட்ட வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். ஒவ்வொரு நாடும் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் 'நம்மால் முடியாது' என்ற முடிவுக்கும் நீ வரவேண்டாம். வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து முகத்தைக் கொடுக்கவும் வேண்டாம். கூர்மையை ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? கம்பளியை வெட்ட எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று நியூட்டனில் அளக்கிறார்கள். அந்த எண்ணுக்கு நாடு தெரியாது. பருவைப் பற்றிக் கேட்டாயே, அதற்குக் கவலைப்பட வேண்டியது பிளேடு புதியதா, தோல் சுத்தமாக இருந்ததா என்பதைத்தான்.

மற்ற மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பிளேடைத் தொடவேண்டாம், கைக்கு ஆபத்து. வீட்டில் இருக்கும் வேறு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா, பற்பசை, மின்விளக்கு, எதுவானாலும் சரி. மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? இதைச் செய்வதில் மிகக் கடினமான படி எது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இது நல்லதா என்று யார், எதைக் கொண்டு அளந்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு உதவ, பொருளின் மேல் ஷா ஆலாமில் இருக்கும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை உண்டா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடுவது சிரமம். விடாதீர்கள். அறிவியல் பிரிவில் 60 விழுக்காடு மாணவர்கள் என்ற இலக்கை நம் நாடு பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறது, இன்னும் எட்டவில்லை. படிவம் 3 முடித்து எந்தப் பாடங்களை எடுப்பது என்று யோசிக்கும் தம்பி, தங்கைகளே, கிள்ளானில் தொழிற்சாலைகள் இருக்கத்தான் போகின்றன. அடுத்த முறை அங்கே ஓர் இயந்திரம் நின்றால், வெளிநாட்டிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் வரிசையில் நிற்பீர்களா, அல்லது மூடியைத் திறந்து பார்க்கப் போகிறவராக இருப்பீர்களா?