நாவில் எழும் கட்டியும் நாம் சொல்லாத சொல்லும்

எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினை எண்ணினார். இவ்வெட்டில் ஓயாது இடம் மாறித் தொழிற்படுவது நா. அதன் நுனி மேல்நோக்கி வளைந்தால் டகரமும் ணகரமும் பிறக்கின்றன. அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கின்றன. இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் இதனை விளக்கி வருகிறோம். அந்த நாவில் பயறளவு கட்டியொன்று எழுந்தால் அதனை எப்படி அறிவது, எப்படிப் பேசுவது என்பதைப் பற்றித் தமிழ் கற்றோர் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒருவர் நாக்கில் கட்டி வந்திருக்கிறது என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் உடனே எழும் சொல் 'புற்று'. கறையான் புற்றைப் போல் உள்ளே பரவி மேலே எழுவது என்னும் உவமை அச்சொல்லில் உறைந்திருக்கிறது. கட்டி என்பதற்கும் புற்று என்பதற்கும் இடையே வழக்கில் வேறு சொல் இல்லை. இதனால் இருவகைக் கேடுகள் விளைகின்றன. சிலர் அஞ்சி ஒளிக்கிறார்கள். வேறு சிலர் அஞ்சி, என்ன ஏதென்று அறியுமுன்பே அறுத்தெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது கேடும் சிறிதன்று.

நாக்கில் வரும் கட்டிகள் யாவும் புற்றல்ல. வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் பழக்கம் மிகுந்த நம் நாட்டில் நாக்குப் புற்று பரவலான நோய்தான். அது பெரும்பாலும் நாக்கின் பக்க விளிம்பில் ஆறாத புண்ணாகத் தொடங்குகிறது. ஆனால் நரம்பின் உறையிலிருந்து வளரும் ஷ்வான்னோமா, கொழுப்பு மிகக் குறைந்த நாக்கில் அரிதாகத் தோன்றும் கொழுப்புக் கட்டி, தசையிலிருந்து எழும் லியோமயோமா, இரத்த நாளங்களாலும் நிணநாளங்களாலும் ஆகிய கட்டிகள் எனத் தீங்கற்றவையும் பல உண்டு. நாக்கின் முன்பகுதியில் வரும் ஒருவகை 1995 ஆம் ஆண்டில்தான் தனியாக இனங்காணப்பட்டுப் பெயர் பெற்றது. அரியவை என்பதாலேயே இவை தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வாய்ப்பும் மிகுதி.

இவற்றுள் ஒன்றின் வரலாறு இலக்கிய வாசகர்களுக்கும் சுவையானது. 1924இல் லெனினின் உடலை ஆய்ந்து, அது கெடாதிருக்க முதலில் பதப்படுத்திய ருசிய நோயியலறிஞர் அப்ரிகோசவ், 1926இல் நாக்கில் கண்ட ஒருவகைக் கட்டியை விவரித்தார். அது தசையணுவிலிருந்து பிறந்தது என்று கருதி அதற்கேற்பப் பெயரும் இட்டார். பல்லாண்டு கழித்துச் சாயமேற்றிப் பார்க்கும் புதிய முறைகள் வந்தபோது, அது நரம்புறையின் ஷ்வான் அணுக்களைச் சார்ந்தது என்று தெரிந்தது. இன்று அதனைக் கிரானுலர் செல் கட்டி என்கிறார்கள். வலியில்லாமல், மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுவது. தீயதாக மாறுவது மிக அரிது. ஆனால் இக்கட்டியின் மேலுள்ள தோற்படலம் சிலபோது தடித்து உள்நோக்கி இறங்கும். மேலோட்டமாக ஒரு துணுக்கு மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படலம் புற்றைப் போலவே தோன்றும். அத்தோற்றத்தை நம்பினால், விளிம்போடு அகற்றித் தையலிட்டு முடிக்க வேண்டிய ஒன்றுக்காக நாக்கின் பெரும்பகுதியையும் கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் ஒருவர் இழக்க நேரலாம். போதிய ஆழத்தில் எடுத்த துணுக்கும் ஐயத்தோடு பார்க்கும் நோயியல் மருத்துவரும் அதனைத் தடுக்கிறார்கள்.

நாக்கின் அடிப்பகுதியில் எழும் வேறொரு வீக்கம் இதைவிடவும் ஏமாற்றுவது. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. சிலருக்கு அது இறங்காமல் தோன்றிய இடத்திலேயே நின்றுவிடும். அவ்வாறு நின்றவர்களுள் பெரும்பாலோர்க்கு உடலில் உள்ள ஒரே தைராய்டு அதுதான். கழுத்தை ஸ்கேன் செய்து பாராமல் அதனைக் கட்டியென்று வெட்டி எறிந்தால், அவர் வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மாத்திரையை நம்பி வாழ வேண்டும்.

கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியது. அதனை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. அதற்குள் ஓர் எச்சரிக்கை உணர்வு இருக்கிறது. அழுத்தினால் வெளிறி, விட்டால் நீலமோ சிவப்போ மீளும் இரத்தநாளக் கட்டியை முன்னாய்வின்றிக் கீறினால் இரத்தப் பெருக்கு ஏற்படும் என்பது உண்மை. அத்தகைய கட்டிக்கு அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ முதலில் தேவை. மருந்தை உள்ளே செலுத்திச் சுருங்கச் செய்வதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தநாளக் கட்டி புரோப்ரனலால் மருந்தால் சுருங்குவதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2008இல் தற்செயலாகக் கண்டனர். ஆனால் கத்தி பட்டதனால் தீங்கற்ற கட்டி புற்றாகிவிடாது. திசுவைச் சோதித்து அறியாமல் இது இன்னது என்று உறுதியாகச் சொல்லவும் இயலாது. நாக்குக்கு இரத்த ஓட்டம் மிகுதி. சிறு காயம் விரைவில் ஆறிவிடும். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்வோர் இருந்தால் பயாப்சியைக் கண்டு ஓடுவோர் குறைவர்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இத்தகைய நோய்களுக்கு முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என அலைய வேண்டியிருந்தது. இப்போதும் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் வாழும் ஒருவர் கச்சிராயபாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தார் அல்லர், மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வந்த பெயர்) பலர் ஆண்டின் ஒரு பகுதியைத் தொலைவிடத் தோட்டங்களிலும் கட்டட வேலைகளிலும் கழிப்பவர்கள். துணுக்கெடுத்த நாளில் மலையிலிருப்பவர் முடிவு வரும் நாளில் வேறு மாநிலத்தில் இருப்பார். அவர்களுடைய பாட்டும் கதையும் வழக்காறும் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை, நாவிலேயே வாழ்பவை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

2024 சூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே கள்ளக்குறிச்சியைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த மாதம் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. கூட்டமாக வரும் சாவுக்குச் செய்தி உண்டு. ஒருவர் நாக்கில் மெல்ல வளரும் கட்டிக்குச் செய்தி இல்லை.

மருத்துவமனையில் அவர் கையில் கிடைப்பது ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள். அதன் கடைசி வரியில் 'தீங்கற்றது' என்று பொருள்படும் சொல் இருந்தாலும் அது அவருக்கு எட்டுவதில்லை. மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்போர்க்கு யாழ்ப்பாணம் விடை சொல்லிவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவ நூலை 'இரண வைத்தியம்' என 1867இல் தமிழாக்கி வெளியிட்டார். அயலார் ஒருவர் அன்று செய்ததில் ஒரு சிறு பங்கை, ஒரு பக்க அளவில், நம்மால் இன்று செய்ய இயலாதா?

இதற்கு ஒரு மறுப்பு எழும். 'பெரும்பாலும் ஒன்றுமிராது' என்று மக்களிடம் சொன்னால், உண்மையில் புற்றுள்ளவரும் வாளாவிருந்து விடுவார் என்பது. இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. ஆனால் நாம் சொல்ல வேண்டியது அதுவன்று. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையும், அகலாத கட்டியையும், வெண்படலத்தையும், செம்படலத்தையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கண்ணால் பார்த்தே நல்லது கெட்டது கூற அவராலும் இயலாது. சோதனை எதைக் காட்டினாலும் அதற்கு வழி உண்டு. இம்மூன்றையும் ஒருசேரச் சொல்ல வேண்டும். அச்சமூட்டியே மக்களை மருத்துவமனைக்கு வரவழைக்கலாம் என்னும் எண்ணம் நெடுங்காலம் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். அச்சம் பலரை வீட்டிலேயே இருத்துகிறது.

எனவே மூன்று வேண்டுகோள்கள். திசு ஆய்வின் முடிவோடு, இது என்ன, புற்றா இல்லையா, அடுத்து என்ன செய்ய வேண்டும், மீண்டும் எப்போது வர வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதிய ஒரு தாளையும் மருத்துவமனைகள் தர வேண்டும்; வெளியூர் சென்றவர்க்குத் தொலைபேசியில் அதனைப் படித்துக் காட்டவும் ஒருவர் வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமாக வீடுதேடி வரும் பணியாளர்கள், மலையூர்களில் வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறை பார்க்கவும் பழக வேண்டும். மூன்றாவது வேண்டுகோள் நம்மைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு. கலைச்சொல்லாக்கம் என்று கருத்தரங்குகளில் நாள்தோறும் பேசுகிறோம். நாக்குக் கட்டிகளுக்கு மலையூர்க் கிழவிக்கும் விளங்கும் பத்துச் சொற்களை மருத்துவர்களோடு அமர்ந்து ஆக்கித் தரலாம். சிறுவங்கூர்க் கல்லூரியும் நம் தமிழ்த்துறைகளும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன.