மாப்பிள்ளை கொண்டுவந்த மீன்

போன மார்கழியில் பொட்டிபுரத்தில் என் அக்கா வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். கோழி கூவுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் சத்தம் கேட்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறிக்கொள்ள, ஜீப் போடிமெட்டுப் பாதையில் வளைந்து வளைந்து மேலே போகும். மலைக்காற்று ஊருக்குள் இறங்கி உடம்பை ஊசியாகக் குத்தும். அந்தக் குளிரில் சுடச்சுட ஏதாவது காரமாகச் சாப்பிடத் தோன்றுமா தோன்றாதா, நீங்களே சொல்லுங்கள்!

அக்கா மகள் அப்போது தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பிரசவம். மூன்று மாதமாக மசக்கை அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வரும். தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வரும். பிள்ளை துரும்பாக இளைத்துப் போனாள். நாலாம் மாதம் பிறந்த பிறகு ஒருநாள் காலையில் எழுந்து வந்து, "அம்மா, மீன் குழம்பு சாப்பிடணும் போல இருக்கும்மா" என்றாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டதே அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை அப்போது சிநேகிதர்களோடு கொடைக்கானல் போயிருந்தார். இவள் போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் வந்து இறங்கினாரே பார்க்கணும்! கையில் ஐஸ் போட்ட ஒரு பெட்டி. உள்ளே இரண்டு கிலோவுக்குக் குறையாத ஒரு கெண்டை. உடம்பெல்லாம் செதில் இல்லை; அங்கங்கே மட்டும் கண்ணாடிச் சில்லு பதித்த மாதிரி பெரிய பெரிய செதில். கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது. "கடையில வாங்கல அத்தை. நானே தூண்டில் போட்டுப் பிடிச்சது" என்று அவர் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நம் வீட்டு ஆண்கள் தூண்டில் போடப் போனால் நாம் முணுமுணுப்போம். ஆனால் குளிர்காலத்து மீன்பிடியில் நிறைய விஷயம் இருக்கிறது. மீனுக்கு நம்மைப் போலச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு குளிர்கிறதோ அதன் உடம்பும் அவ்வளவு குளிரும். குளிர்ந்தால் ஜீரணம் மந்தமாகும், பசி குறையும், ஓட்டமும் குறையும். ஆகவே விடியற்காலையில் போய் உட்கார்ந்தால் கை விறைப்பதுதான் மிச்சம். வெயில் ஏறி, கரையோரத்துத் தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகுதான் கெண்டை அசையும். அப்போதும் பெரிய இரையைச் சீந்தாது. சுண்டைக்காய் அளவு மாவு உருண்டை, அல்லது ஒரு துண்டு மண்புழு, அவ்வளவுதான். கொத்துவதும் பட்டும் படாமலும் இருக்குமாம். "தக்கை லேசா ஒரு தடவை அசைஞ்சுது அத்தை. மூணு மணி நேரம் அதுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றார் மாப்பிள்ளை.

அமெரிக்காவில் கிராப்பி என்று ஒரு மீன் உண்டு. அங்கே வடக்கே ஏரிகள் மேலே உறைந்து பாறையாகிவிடும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனமாக இருக்கும். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கும். மீன் அடியில் பிழைத்துக்கொள்ளும். கிராப்பிகள் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளின் பக்கம் கூட்டமாக நிற்கும். பனியில் துளை போட்டு, மெல்லிய நரம்பில் சின்ன முள்ளைக் கட்டி இறக்கிப் பிடிப்பார்கள். அதற்குக் 'காகித வாய்' என்றே ஒரு செல்லப் பெயர். வாய்த்தோல் அவ்வளவு மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். இதமாகத்தான் இழுக்க வேண்டும்.

நம் மலைகளில் ஏரி அப்படி உறைவதில்லை. இந்தக் கண்ணாடிக் கெண்டையும் நம் ஊர் மீன் இல்லை. ஐரோப்பாவில் வளர்த்த வகை. 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. குளிரைத் தாங்கும், சேற்றைக் கிளறி எதையும் தின்னும். அதனால் மலை ஏரிகளில் நன்றாக ஊன்றிக்கொண்டது.

அக்கா அதற்குள் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொல்லையில் புளி ஊறுகிறது. பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து, எத்தனை மாதத்துக்குப் பிறகோ, சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் சும்மா பேச்சுக்குத்தான், "எந்த ஏரி மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"கொடைக்கானல் ஏரிதான் அத்தை. அனுமதிச் சீட்டு வாங்கித்தான் பிடிச்சேன்."

எனக்குச் சொரேர் என்றது.

கொடைக்கானல் ஏரி 1863-ல் வெட்டியது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டியது. படகு விட்டிருப்போம், கரையைச் சுற்றி நடந்திருப்போம். ஆனால் அந்த ஊரில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல்கள் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது தெரியவந்து, மக்கள் திரண்டு கேட்டபிறகு, 2001-ல் அதை மூடினார்கள். வேலை செய்தவர்கள் உடம்பு கெட்டுப்போனது என்று நெடுங்காலம் போராடி, 2016-ல்தான் கம்பெனியோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஏரி என்ன ஆயிற்று? 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏரித் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாகக் காட்டியது.

பாதரசம் சேற்றில் தங்கும். அங்குள்ள கிருமிகள் அதை வேறொரு ரூபமாக மாற்றும். அந்த ரூபம் மீனின் சதையில் போய் ஒட்டிக்கொள்ளும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, வயது ஏற ஏற, மீனுக்குள் அது சேரும். மனுஷர் சாப்பிட்டால் நம் உடம்புக்குள் வரும். வெளியேறாமல் போகாது, ஆனால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். கர்ப்பிணியின் ரத்தத்தில் இருந்தால் குழந்தைக்கும் போகும். அங்கே வளர்ந்துகொண்டிருப்பது மூளையும் நரம்பும். ஜப்பானில் மினமாதா என்ற கடலோர ஊரில் தொழிற்சாலைக் கழிவால் வந்த நோய் 1956-ல் வெளியே தெரிந்தது. அங்கே தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறந்த பிள்ளை பாதிக்கப்பட்டது உண்டு. மினமாதாவில் இருந்தது மலையளவு. இங்கே அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு இதில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாதே!

"மஞ்சளும் கல்லுப்பும் போட்டு ரெண்டு தடவை தேய்ச்சா எல்லாம் போயிடும்டி" என்றாள் அக்கா. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். சகோதரிகளே, மஞ்சள், உப்பு, புளித்தண்ணீர், மோர், எலுமிச்சம்பழம் இவற்றால் போவது மண்வாடை. பாதரசம் போகாது. தோலை உரித்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அது ஒட்டியிருப்பது சதையோடு.

இப்போது என்ன செய்வது? மூன்று மாதமாகப் பட்டினி கிடந்த பிள்ளை ஆசையாகக் கேட்டிருக்கிறாள். கட்டின புருஷன் அவளுக்கென்று குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பிடித்து வந்திருக்கிறார். அதைப் போய் 'விஷம்' என்று எடுத்தெறிந்து பேசினால் அவர் மனசு என்ன பாடுபடும்? அந்தக் காகித வாய் மீன்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, விஷயத்தை முழுசாகச் சொன்னேன். "தப்பு உங்க மேல இல்ல மாப்பிள்ளை. யாரும் சொல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அவளுக்கு வேண்டாம் அத்தை" என்று அவரே சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். போடி மார்க்கெட் சாத்துமுன் போய் அரைக்கிலோ நெத்திலி வாங்கி வந்தார்!

அன்றைக்கு இரண்டு அடுப்பில் இரண்டு குழம்பு. கெண்டைக் குழம்பை நாங்கள் பெரியவர்கள் சாப்பிட்டோம். வயதானவர்கள் ஒருவேளை சாப்பிடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. பிள்ளைக்கு நெத்திலிக் குழம்பு. சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி, மாங்காய் நாலு துண்டு போட்டு அக்கா வைத்தாள். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். வாந்தியும் வரவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ மாசமா இருக்கிறவங்க மீனே சாப்பிடக் கூடாது போல' என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரிய தப்பு. மீனில் உள்ள புரதமும் நல்ல கொழுப்பும் குழந்தையின் மூளைக்கு வேண்டியவை. விடவேண்டியது மீனை அல்ல. பார்க்கவேண்டியது எந்த மீன், எந்தத் தண்ணீர் என்பதை. நான் அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததையே உங்களுக்கும் தருகிறேன்:

1. சின்ன மீன் நல்ல மீன். நெத்திலி, மத்தி என்கிற சாளை போன்றவை கொஞ்ச காலமே வாழ்வதால் பாதரசம் சேர நேரமில்லை. வளர்ப்புக் குளத்து ஜிலேபிக் கெண்டையும் இந்தக் கணக்கில் சேரும்.

2. கர்ப்பிணிகள் வாரத்துக்கு 225 கிராமிலிருந்து 340 கிராம் வரை, பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்து, இரண்டு மூன்று வேளையாகச் சாப்பிடலாம் என்பது அமெரிக்க அரசு சொல்லும் அளவு. நன்றாக வெந்திருக்க வேண்டும்.

3. சுறா வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். எனக்கும் என் அம்மா செய்து கொடுத்தார். ஆனால் சுறா மற்ற மீனைத் தின்று நெடுநாள் வாழ்வது. பாதரசம் அதிகம் சேரும் மீன். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் அதை இப்போது விலக்கச் சொல்கிறார்கள். பெரிய வஞ்சிரத்தையும் அடிக்கடி வாங்க வேண்டாம். புட்டுத்தான் வேண்டுமென்றால் நெத்திலியிலும் செய்யலாம், ருசி குறையாது.

4. வீட்டு ஆண்கள் ஏரியில், ஆற்றில் பிடித்து வரும் மீனா? எந்தத் தண்ணீர் என்று முதலில் கேளுங்கள். அந்தத் தண்ணீரைச் சோதித்த விவரம் கிடைக்காவிட்டால், வாரத்தில் ஒரே ஒரு வேளை, 100 கிராம் சுமார் சாப்பிட்டு, அந்த வாரம் வேறு மீன் சாப்பிடாமல் இருப்பது பொதுவான விதி. கெட்டுப்போனதாகத் தெரிந்த தண்ணீர் என்றால் கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் அந்த ஒரு வேளையும் வேண்டாம்.

5. ஏலத்தோட்டத்துக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மழை பெய்தால் அது ஓடையிலும் தோட்டத்துக் குட்டையிலும்தான் வந்து சேரும். மருந்தடித்த நாட்களில் அங்கே மீன் பிடிக்க வேண்டாம். செத்து மிதக்கும் மீன் சும்மா கிடைக்கிறதே என்று ஒருநாளும் எடுத்து வராதீர்கள்.

அக்கா மகளுக்குச் சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மாப்பிள்ளை இப்போதும் தூண்டிலை விடவில்லை. ஆனால் போகுமுன் எந்தத் தண்ணீர் என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறார். போன வாரம் போனில் அக்கா சொன்னாள்: "அவரு மீனோட வந்தா, நான் கேக்குறதுக்கு முன்னாடியே ஊர் பேரைச் சொல்லிடுறாருடி!"

உங்கள் வீட்டு வாசலுக்கும் மீன் கூடை வரும். விலை கேட்பீர்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். அதோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: "எந்தத் தண்ணி மீனு?"